பள்ளிக்கூடத்தில் கர்ப்பத்தடைச் சாதனமா?



சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு தகப்பனார் கோவில் வாசலில் என்னை நிறுத்தி, "சாமி, பள்ளிக்கூடத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள், பெண் பிள்ளைகளுக்கு நாப்கின் கொடுக்கிறார்கள். வெளிநாட்டில் கர்ப்பத்தடை மாத்திரையும் கொடுக்கிறார்களாம். நம் ஊருக்கும் அது வந்துவிட்டால் என்ன செய்வது?" என்று கேட்டார். நின்றபடி விடை சொல்லிவிடும் கேள்வியல்ல. ஆகையால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உள்ளதை உள்ளபடி அறிந்துகொள்வோம். பிரான்ஸ் தேசத்தில் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளி நர்சம்மாளே மாணவிக்கு அவசரக் கர்ப்பத்தடை மாத்திரை கொடுக்கலாம். நியூயார்க் நகரத்து உயர்நிலைப் பள்ளிகளில் 1991-ல் ஆணுறை வழங்கத் தொடங்கினார்கள். கத்தோலிக்கர் நிறைந்த பிலிப்பைன்ஸில் 2016 டிசம்பரில் சுகாதார இலாகா அதேபோல் ஒரு யோசனை சொல்ல, கல்வி இலாகா இணங்காததால் அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது. நம் தேசத்துப் பள்ளிகளில் இவற்றை வழங்கும் திட்டம் இல்லை. 2014 ஜனவரியில் மத்திய சர்க்கார் தொடங்கிய வளரிளம் பருவத்தார் சுகாதாரத் திட்டத்தில், 10 முதல் 19 வயதுள்ளவர்களுக்கென்று அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தனிப் பிரிவுகள் ஏற்பட்டன. அங்கே வைத்திருக்கவேண்டிய பொருள்களில் கர்ப்பத்தடைச் சாதனங்களும் அடக்கம். பள்ளிகளிலோ, பாடமாகச் சொல்லிக்கொடுப்பதற்கே 2007-ல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்கள் தடை போட்டுவிட்டன.

கர்ப்பத்தடை என்ற பேச்சு நம் ஜில்லாவுக்குப் புதிதல்ல. டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் ராமச்சந்திரனும் 1947-ல் நிறுவிய காந்திகிராமத்திலிருந்து, 1959-ல் ஆத்தூர் வட்டாரத்தில் ஒரு சுகாதாரப் பணி தொடங்கியது. குடும்பக் கட்டுப்பாடு அதில் பெரும் பங்கு பெற்றது. (காந்தியடிகளோ 1935 டிசம்பரில் வார்தாவுக்கு வந்த மார்கரெட் சாங்கர் அம்மையாரிடம், செயற்கைச் சாதனம் வேண்டாம், இச்சையடக்கமே வழி என்று வாதாடியவர். அவர் பெயர் தாங்கிய இடத்திலேயே இப்படி ஆயிற்று!) திருச்சபையின் போதனை உங்களுக்குத் தெரியும். தம்பதிகளின் ஐக்கியத்தையும் பிள்ளைப்பேற்றையும் மனிதன் தன்னிச்சையாய்ப் பிரிக்கலாகாது என்று அர்ச். ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் 1968 ஜூலையில் தம் நிருபத்தில் போதித்தார். அது நிற்க. ஆத்தூரில் நடந்தது கலியாணமான ஸ்திரீ புருஷர்களுக்காக நடந்தது. இப்போது எழுந்திருக்கும் கேள்வி பதினைந்து வயதுப் பிள்ளையைப் பற்றியது.

கொடுக்கவேண்டும் என்கிறவர்களைத் துஷ்டர்கள் என்று எண்ணாதீர்கள். தவறு நேர்ந்தால் அதன் பாரத்தைப் பெண் ஒருத்தியே சுமக்கிறாள், படிப்பு போகிறது, சில சமயம் உயிரும் போகிறது என்கிறார்கள். அவர்கள் சொல்வது மெய்தான். ஆனால் அந்தப் பெண் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 100-க்குச் சுமார் 13 பேர் 18 வயது நிறையுமுன்பே கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள். இவர்களில் எத்தனை பேர் தாலி ஏறியபின் பள்ளிக்கூட வாசலை மிதித்திருப்பார்கள்? வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்களில், சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், வரதட்சணைக்குப் பணம் சேர்க்க மூன்று வருஷம் விடுதியில் அடைபட்டுக் கிடந்த பெண்களை நம்மில் அநேகர் அறிவோம். பள்ளிக்கூட அலமாரியில் மாத்திரை இருந்தால் இவர்களுக்கு என்ன பிரயோசனம்?

சரி, பள்ளியிலேயே இருக்கிற பிள்ளையை எடுத்துக்கொள்வோம். அவளைக் கெடுத்தவன் உறவுக்காரனாக இருக்கலாம், தினமும் ஏற்றிச்செல்லும் வேன்காரனாக இருக்கலாம். மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டால் அவன் குற்றம் வெளியே வராது. அடுத்த வாரமும் அவன் வருவான். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. குற்றம் நடந்ததை அறிந்தவர் போலீசுக்குத் தெரிவிக்கவேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத் தலைவர் மறைத்தால் ஒரு வருஷம் வரை. ஒரு கையால் மாத்திரை நீட்டும் தலைமையாசிரியை மறு கையால் புகார் எழுதவேண்டியிருக்கும்.

ஒத்த வயதுப் பையனும் பெண்ணும் தாங்களாகவே தவறினால்? இங்கேதான் எனக்கும் சங்கடம். அந்தப் பையனையும் சட்டம் குற்றவாளியாகவே பார்க்கும். இளவயதுக் காதல் விவகாரங்களுக்காக அச்சட்டம் இயற்றப்படவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் ஒரு தீர்ப்பில் சொன்னது. ஆனால் வயதைக் குறைக்கவேண்டாம் என்று 2023-ல் சட்டக் கமிஷன் சொல்லிவிட்டது. டாக்டரிடம் போனால் போலீஸ் வருமென்று பயந்து, போகாமலே இருந்துவிடுகிற பிள்ளைகள் உண்டு. ஆறாம் கற்பனையை எடுத்துச் சொல்வதால் மட்டும் அந்தப் பயம் தீராது.

இதை என் சொந்தத் தவறிலிருந்து சொல்லுகிறேன். சில வருஷங்களுக்கு முன், வேறொரு பங்கில், ஒரு தாய் தன் மகளை அறைவீட்டுக்கு அழைத்து வந்தாள். என்ன நேர்ந்தது, யாரால் நேர்ந்தது என்று கேட்குமுன்பே நான் கடிந்து பேச ஆரம்பித்துவிட்டேன். பிள்ளை தலை நிமிரவில்லை. மறுநாள் வரச் சொன்னேன்; வரவில்லை. ஒரு மாதம் கழித்து விசாரித்தபோது, குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்தப் பிள்ளையின் கதி என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வயதுக்கேற்றபடி பிள்ளைகளுக்குச் சரீர விஷயங்களை விவேகத்தோடு போதிக்கவேண்டும் என்று வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-லேயே சொல்லியிருக்கிறது. நாம் செய்தோமா? ஞானோபதேச வகுப்பில் அந்தப் பக்கம் வந்தால் உபதேசியார் புரட்டிவிடுகிறார். வீட்டில் தாய், "அதெல்லாம் உனக்கெதற்கு?" என்கிறாள். போனில் பிள்ளை எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது.

ஆகவே கேட்ட தகப்பனாருக்கு என் விடை: பள்ளிக்கூடம் கொடுக்கவேண்டாம். கொடுத்தால் சம்மதியாதீர்கள். ஆனால் அப்படிச் சொல்ல வாயெடுக்கிறவர், தம் மகள் இரவு பத்து மணிக்கு அழுதுகொண்டு வந்து நின்றால் கை ஓங்காமல் கேட்கத் தயாராக இருக்கவேண்டும். மகனுக்கும் இதே பாடம் உண்டு. பெண்ணை மட்டும் பூட்டி வைப்பது பாடமாகாது. ஒரு வதந்தி கேட்டவுடன் படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை தேடாதீர்கள். 18 நிறையாத கலியாணத்துக்கு இந்தக் கோவிலில் ஓலை வாசிக்கமாட்டேன். வெளியில் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், காசு கிடையாது.

வரும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பெற்றோர் கூட்டம் பங்கு மண்டபத்தில் நடக்கும். மருத்துவம் படித்த கன்னியர் ஒருவர் தாய்மாரோடு பேசுவார். தகப்பன்மாரோடு நான் பேசுவேன். பெண்களை மட்டும் அனுப்பிவிட்டு டீக்கடையில் நிற்கவேண்டாமென்று கேட்டுக்கொள்ளுகிறேன்.

பங்குக் குரு