தங்கச்சி, ‘வேலை செய்யல’ன்னு மட்டும் எழுதாதே!

நாகலாபுரத்துல டைப்பிங் கடை வச்சிருக்கேன். பயிர் இன்சூரன்ஸ் மனு, பள்ளிக்கூடக் கேள்வித்தாள், காதுகுத்துப் பத்திரிகை எல்லாமே ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்லதான். அதுல கோளாறு வந்தா போன் போட்டுக் கேக்க கஸ்டமர் கேர் கிடையாது. எங்கேயோ இருக்கிற டெவலப்பருக்கு நாமதான் எழுதணும். நீ எழுதறதைப் பாத்தா எனக்கு மனசு தாங்கல. ‘தமிழ் வேலை செய்யல, உடனே சரி செய்யவும்.’ அவ்வளவுதான்! இதை வச்சு அவர் என்னத்தச் சரி செய்வார்? மிளகாய்ச் செடி வாடினா வேரோட பிடுங்கிக் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டு போறோம்ல? வெறுங்கையோட போயி ‘செடி சரியில்ல’ன்னா நிக்கிறோம்?

1. முதல்ல உன் விரலைச் சந்தேகப்படு. ‘ஔவையார்’னு தேடினா வரலைன்னு ஒருத்தி அழுதா. பாத்தா, ஒ அடிச்சு, பக்கத்துல ள அடிச்சு வச்சிருக்கா. கண்ணுக்கு ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு அது ரெண்டு எழுத்து. கண்டுபிடிக்கக் குறுக்குவழி சொல்றேன். லிப்ரே ஆபீஸ்ல அந்த எழுத்துக்கு அடுத்தாப்ல கர்சரை வச்சு ஆல்ட்டும் எக்ஸும் சேத்து அழுத்து. முழுசும் எண்ணா மாறினா அது ஒரே எழுத்து, ஔ. ஒ அப்படியே நின்னு ள மட்டும் மாறினா, தப்பு உன்னோடது. திரும்ப அழுத்தினா எழுத்து வந்துடும்.

2. ஃபாண்டை மாத்திப் பாரு. நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ் ரெண்டும் இலவசம். ஃபாண்ட் மாத்தினதும் எழுத்து சரியாச்சுன்னா, புகார் போக வேண்டியது ஃபாண்ட் செஞ்சவங்களுக்கு. எந்த ஃபாண்ட்லயும் சரியா வரலையா? ஃபயர்பாக்ஸ்லயும் அதே வரியை ஒட்டிப் பாரு. எழுத்தைக் கோத்துக் கொடுக்கிற ஹார்ஃப்பஸ்ங்கிற ஒரே கருவியைத்தான் லிப்ரே ஆபீஸ், ஃபயர்பாக்ஸ் ரெண்டும் பயன்படுத்துது. ரெண்டுலயும் ஒரே மாதிரி உடைஞ்சா அதையும் எழுது. அவருக்குப் பாதி வேலை குறையும்.

3. என்ன செஞ்சே, என்ன வரணும், என்ன வந்துச்சு. இந்த மூணு இல்லாம அனுப்பவே அனுப்பாதே. நான் எழுதறது இப்படி: ‘ஃபைலைத் திறந்தேன். கொத்தமல்லின்னு தேடினேன். மூணு இடம் காட்டணும். ரெண்டுதான் காட்டுது. விட்டுப்போன இடத்துல ஒகரக் குறி ஒரே குறியா இல்லாம, கொம்பு தனியா, கால் தனியாப் பதிஞ்சிருக்கு.’ யூனிகோடு விதிப்படி அந்த ரெண்டு வகையும் ஒண்ணுதான். அதனால இது நிஜமான பிழை. ‘சில சமயம் வருது, சில சமயம் வரலை’ன்னு எழுதாதே. எப்ப வருதுன்னு நாலு தடவை செஞ்சு பாத்துட்டு எழுது. காரணத்தை நீயா ஊகிச்சுச் சொல்றதா இருந்தா கடைசியில சொல்லு. கண்ணால பாத்தது முதல்ல வரணும்.

4. ஸ்க்ரீன்ஷாட்டோட நிறுத்தாதே. டெவலப்பருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாம இருக்கலாம். படத்துல கொம்பு எது, கால் எதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? படத்துல தப்பான இடத்தை வட்டம் போட்டுக் காட்டு. கூடவே அந்தச் சொல்லை எழுத்தாவே காப்பி பண்ணி ஒட்டு. அவர் தன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கணும்ல? எந்தக் கீபோர்டுன்னும் சொல்லு, தமிழ்99ஆ, டைப்ரைட்டர் லேஅவுட்டான்னு.

5. இதை மட்டும் கெஞ்சிக் கேக்கேன்: வாடிக்கையாளரோட ஃபைலை இணைக்காதே! புகார் போடற பக்கத்தை உலகமே பாக்கலாம். ஒரு சம்சாரியோட ஆதார் எண்ணும் பட்டா எண்ணும் அதுல போயி உக்காரணுமா? நாலு வரியில புது ஃபைல் செய். அதுலயும் கோளாறு வருதான்னு பாத்துட்டு அதை அனுப்பு. சின்ன ஃபைல்னா அவருக்கும் தேடச் சுலபம்.

6. வெர்ஷன் எண். ஹெல்ப் மெனுவுல அபௌட்டை அழுத்தினா இருக்கு. விண்டோஸா லினக்ஸான்னும் சேத்துக்கோ.

7. எழுதறதுக்கு முன்னால தேடு. ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ் ரெண்டுக்கும் பக்ஸில்லான்னு புகார்ப் பெட்டி இருக்கு. சின்ன மென்பொருள்கள் பலதுக்கு கிட்ஹப். உன் பிழையை வேற யாராவது ஏற்கெனவே எழுதியிருந்தா, அதுக்குக் கீழேயே உன் விவரத்தைச் சேரு. ஒரு புகார்ல ஒரு பிழைதான். அஞ்சைச் சேத்து மூட்டை கட்டினா எதை முடிச்சோம், எதை முடிக்கலைன்னு அவங்களால கணக்கு வைக்க முடியாது.

8. இங்கிலீஷ் வராதேன்னு ஒதுங்காதே. சின்னச் சின்ன வாக்கியம் போதும். கோபத்தை மட்டும் எழுதாதே. டெவலப்பர்கள்ல பல பேர் சம்பளம் வாங்காம ராத்திரி உக்காந்து செய்யிறவங்க.

9. பாஸ்வேர்டு கசியுது, அடுத்தவங்க கணக்கு திறக்குதுங்கிற மாதிரி ஓட்டைன்னா பொதுவுல எழுதாதே. பாதுகாப்புக்குன்னு தனி மெயில் கொடுத்திருப்பாங்க, அதுக்கு அனுப்பு.

எழுதறதை முதல்ல நோட்பேடுல அடிச்சு சேவ் பண்ணு. நம்ம ஊர்ல மழைக்காத்து அடிச்சா கரண்ட் போயிரும், தெரியும்ல?

அனுப்பிட்டு மறந்துடாதே. வாரத்துக்கு ஒருக்க மெயிலைப் பாரு, அவர் கேள்வி கேட்டா பதில் சொல்லு. ‘சரி பண்ணிட்டோம், பாருங்க’ன்னு வந்தா அன்னைக்கே புது வெர்ஷனைப் போட்டு அதே கொத்தமல்லியைத் தேடு. மூணு இடமும் வந்துச்சா, இல்லையான்னு ஒரு வரி எழுதிட்டு அடுத்த மனுவை அடிக்கப் போ.