இறுகாத மரைப்பூட்டுப் பசை

மும்பையை அடுத்து, கல்யாணிலிருந்து கர்ஜத் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்துள்ள அம்பர்நாத் ஒரு தொழில் நகரமாகும். 1953-இல் பம்பாயில் தொடங்கப்பெற்ற கடற்படை இரசாயன உலோகவியல் ஆய்வுக்கூடம், இன்று கடற்படைப் பொருளாராய்ச்சிக் கூடம் என்னும் பெயருடன் இவ்வூரில் இயங்கி வருகிறது. உலோகங்களின் அரிமானமும் அதனைத் தடுக்கும் பூச்சுகளும் அதன் ஆய்வுத் துறைகளுள் அடங்கும். கடற்காற்றும் கடும் மழையும் உள்ள கொங்கணப் பகுதியில் எஃகுப் போல்ட்டுகளுக்குத் துத்தநாக முலாமோ பாஸ்பேட் பூச்சோ இன்றியமையாதது. ஆயினும், துருவைத் தடுக்கும் அப்பூச்சே மரைப்பூட்டுப் பசை இறுகுவதையும் தடுக்கக்கூடும். இறுகாத பசையுள்ள போல்ட்டு வெளிப்பார்வைக்குச் செவ்வனே முடுக்கப்பட்டதுபோல் தோன்றும். இயந்திரத்தின் அதிர்வில் அது சிறிது சிறிதாகக் கழன்று விபத்தை விளைவிக்கும்.

பசை இறுகும் விதம்

அமெரிக்காவில் ஹார்ட்போர்டு நகரின் டிரினிட்டி கல்லூரி இரசாயனப் பேராசிரியர் வெர்னான் கிரீபிள் 1953-இல் இப்பசையை நடைமுறைப் பயனுக்குரியதாக ஆக்கினார். காற்றுப்படும்வரை இது நீர்மமாகவே இருக்கும். காற்று விலகிய இடத்தில், உலோகத்தின் தொடர்பால் திண்மமாகும். எனவே, நட்டுக்கு வெளியே வழிந்த பசை ஈரமாகவே இருப்பது குறையன்று, அது இயல்பே.

மெதக்ரிலேட்டு வகைச் சேர்மமும் சிறிதளவு பெராக்ஸைடும் இப்பசையின் முக்கியப் பகுதிகள். உலோகப் பரப்பிலுள்ள இரும்பு அல்லது செம்பு அயனிகள் பெராக்ஸைடைச் சிதைத்துத் தனியுறுப்புகளை உண்டாக்குகின்றன. அவை மெதக்ரிலேட்டு மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைக்கின்றன. ஆக்ஸிஜன் இருப்பின் அத்தனியுறுப்புகளை அது பற்றிக்கொள்வதால் பிணைப்பு நிகழாது. ஆகவே, காற்றின்மையும் உலோக அயனியும் ஆகிய இரண்டும் ஒருங்கே தேவை.

பூச்சினால் நேர்வது

இரும்பும் செம்பும் இருவேறு இணைதிறன்களுக்கிடையே மாறி மாறி எலெக்ட்ரானைக் கொடுத்து வாங்க வல்லவை. துத்தநாகத்திற்கு அத்திறன் இல்லை. எனவே, துத்தநாக முலாம் இரும்பை மறைத்துவிட்டால் பசை மெதுவாகவே இறுகும். சில வேளைகளில் இறுகாமலே நின்றுவிடும். முலாமின் மேல் இடப்படும் குரோமேட்டுப் படலமும் பாஸ்பேட் பூச்சும் இவ்வாறே பரப்பை மந்தமாக்குகின்றன. பாஸ்பேட் பூச்சு நுண்துளைகளை உடையது. அத்துளைகளில் துருத்தடுப்பு எண்ணெய் ஊறியிருப்பின் இடையூறு மிகும். துருவேறாத எஃகும் மந்தப் பரப்பே.

குறையைக் கண்டறிதல்

பசையைக் குறைகூறுமுன் ஓர் எளிய சோதனை செய்தல் வேண்டும். ஒரே புட்டியிலுள்ள பசையை, முலாமற்ற தூய பித்தளைப் போல்ட்டு ஒன்றிலும், பூச்சிட்ட எஃகுப் போல்ட்டு ஒன்றிலும் இட்டு, அவற்றிற்கேற்ற நட்டுகளைப் பூட்டுக. பித்தளைக்குப் பித்தளை நட்டும், எஃகிற்குப் பூச்சிட்ட நட்டும் அமைதல் வேண்டும். ஒரு நாள் கழித்துக் கழற்றிப் பார்க்கவும்.

1. பித்தளையில் இறுகி, எஃகில் இறுகாதிருப்பின் குறை பரப்பினுடையது.
2. இரண்டிலும் இறுகாவிடில் பசை பழையதாகவோ கெட்டதாகவோ இருக்கலாம். குளிரும், மரைகளுக்கிடையே மிகுந்த இடைவெளியும் காரணமாகலாம்.
3. இரண்டிலும் இறுகின் பசையிலும் பூச்சிலும் குறையில்லை. பணியிடத்தில் எண்ணெய் நீக்கப்பட்டதா, போதிய நேரம் விடப்பட்டதா என்று ஆராய்க.

பரிகாரம்

முதலில் அசிட்டோன் போன்ற கரைப்பானால் எண்ணெயை நீக்கி நன்கு உலர்த்துக. கழுவுநீரின் எச்சமும் இறுகுதலைக் கெடுக்கலாம். அதனாலும் பயனில்லையெனில், செம்புச் சேர்மம் கலந்த தூண்டியை மரைகளில் பூசி, அதன் கரைப்பான் ஆவியானபின் பசையிடுக. தூண்டி, பரப்பில் இல்லாத அயனியை அளிக்கிறது. அது சில பசைகளின் இறுதி வலிமையைக் குறைக்கும் ஆதலால், மாதிரியொன்றில் சோதித்தல் நலம். மந்தப் பரப்புகளுக்கென்றே ஆக்கப்பட்ட பசைகளும் உண்டு. இளஞ்சூடும் இறுகுதலை விரைவாக்கும். கரைப்பானும் அதன் ஆவியும் முற்றும் நீங்கியபின்னரே சூடாக்குக. பூச்சைச் சுரண்டி எடுத்தல் தகாது. துரு அவ்விடத்தில் தொடங்கும்.

இறுகாத இணைப்பின் வெளிப்புறத்தில் தூண்டியைச் சொட்டுவதால் பயனில்லை. பிரித்துத் துடைத்துத் தூய்மை செய்து, புதிதாகப் பூட்டுதலே முறை.

கவனிக்க வேண்டியவை

புட்டியில் காற்றுக்கு இடம்விட்டே பசை நிரப்பப்படுகிறது. மீந்த பசையைப் புட்டியில் திரும்ப ஊற்றலாகாது. உலோகக் கம்பியையும் உள்ளே விடலாகாது. பசை தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடுமாதலால் கையுறை அணிக. தூய ஆக்ஸிஜன் செல்லும் குழாய்களில் இதனைப் பயன்படுத்தலாகாது.

ஆசிரியர்கள் மேற்கண்ட பித்தளைச் சோதனையை வகுப்பிலேயே நிகழ்த்திக் காட்டலாம். வினையூக்கி என்பது ஏட்டுச் சொல்லன்று, போல்ட்டின் மரையிலேயே செயற்படுவது என்பதை மாணவர் கண்ணாற் காண்பர். களப்பணியாளர் மனத்திற் கொள்ளவேண்டியது ஒன்றே: பசை தனித்து இறுகுவதில்லை; பரப்பும் அதன் ஒரு கூறாகும். பூச்சு மாறினால் பழைய பழக்கத்தை நம்பாது, மீண்டும் சோதித்தறிதல் கடமை.