நெருக்கி வருவோரை எதிர்கொள்ளல்: உதைபந்தாட்டத்தில் ஒரு பாடம்

உதைபந்தாட்டத்தில் தோல்விக்குக் காரணம் தேடும்போது கடைசியாகப் பந்தைத் தொட்டவனையே சுட்டுதல் நம்மவரிடையே நெடுநாளாய் நிலவிவரும் வழக்கம். சாம்பல்தீவிலும் சல்லியிலும் நிலாவெளியிலும் மாலைவேளைகளில் நடைபெறும் ஆட்டங்களைப் பார்ப்போர் இதனை எளிதிற் காணலாம். பின்வரிசையில் நிற்கும் சிறுவனிடம் பந்து வருகின்றது. எதிரணியினர் இருவர், சிலவேளை மூவர், அவனை நோக்கிப் பாய்கின்றனர். கோட்டுக்கு வெளியே நிற்போர் "அடி, அடி" என்று கூக்குரலிடுகின்றனர். அவன் அடித்தால் பந்து வானில் எழுந்து எதிரணியினர் தலையில் வீழ்ந்து மீண்டும் அவன் பக்கமே திரும்புகின்றது. அடியாது வைத்திருந்தாற் பறிபோகின்றது. கோல் விழுந்ததும் ஏச்சு முழுவதும் அவனுக்கே. இரண்டு மூன்று ஆட்டங்களில் இவ்வாறு ஏச்சு வாங்கியவன் அடுத்த ஆட்டத்துக்கு வருவதில்லை. இவ்வண்ணம் மைதானத்தை விட்டு விலகிய நல்ல பின்வரிசையாளர் பலரை நாம் அறிவோம்.

பந்தை இழந்தவன் அச்சிறுவனல்லன்; அவன் கண்ணுக்குத் தம்மைக் காட்டாது நின்ற ஏனையோரே அதனை இழந்தனர் என்பது எமது கருத்து. நமது கல்லூரியின் இளைய அணிகளுக்கும் சுற்றுக் கிராமங்களின் கழகங்களுக்கும் பயன்படுமென நம்பி அதனை இங்கு விளக்க முற்படுகின்றோம். போர் நிகழ்ந்த ஆண்டுகளில் மாலை மைதானங்கள் பல வெறிச்சோடிக் கிடந்தன. மூத்தோர் ஆட இளையோர் கோட்டருகே இருந்து கற்கும் தொடர்ச்சி அப்போது அறுந்தது. அன்று கண்ணாற் கற்றதை இன்று எழுத்தாற் சொல்லவேண்டியதாயிற்று.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். இரு அணியிலும் பதினொருவர். எதிரணியின் கோல்காப்பாளர் தம் கோலை விட்டு நம்மை நெருக்க வரமாட்டார். ஆகவே நம்மை நெருக்கக்கூடியோர் பதின்மரே. நமது கோல்காப்பாளர் காலாலும் ஆட வல்லவராயின் நம்மிடம் பதினொருவர் உளர். எனவே நம்முள் ஒருவராவது எப்பொழுதும் காவலின்றி நிற்கின்றார். அம்மட்டன்று. எதிரணியினர் தம் கோலுக்கு அஞ்சிப் பின்னால் ஒருவரை மேலதிகமாக நிறுத்துவது பெரும்பான்மை வழக்கம். நமது முன்வரிசையினர் இருவரை அவர்களுள் மூவர் காப்பாராயின், எஞ்சிய நம் ஒன்பதின்மரை எழுவரே நெருக்க வேண்டும். இப்போது காவலற்றோர் இருவர். ஓடி வருபவன் எத்துணை விரைந்து வரினும் இக்கணக்கை அவனால் மாற்றவியலாது. காவலற்றவர் எவர் என்பதைப் பந்துடையவன் காணுமுன் வந்து சேர்வதொன்றே அவனால் இயலும்.

ஆகவே இது காலத்தோடு ஆடும் ஆட்டம். பந்து காலுக்கு வந்தபின் தலையை நிமிர்த்துபவனுக்குக் காலம் போதாது. பந்து வந்துகொண்டிருக்கும்போதே இரு தோளுக்கு மேலாலும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட வேண்டும். உடலைப் பந்து வரும் திசைக்கு நேர்முகமாக வைத்திராது பாதி திருப்பி, தூரத்துக் காலாற் பந்தை வாங்குபவனுக்கு மைதானத்தின் இரு புறமும் தெரியும். நேர்முகமாக நின்று வாங்குபவனுக்கு வந்த வழியைத் தவிர வேறு வழி தெரியாது. கெட்டிக்கார எதிரணியினர் இதற்காகவே காத்திருப்பர். முதுகு காட்டி வாங்குபவனையும், முதல் தொடுகையிற் பந்தைத் தூரத்தே தட்டிவிடுபவனையும், பக்கக்கோட்டருகே ஒதுக்கப்பட்டவனையும் கண்டதும் பாய்வர். கோடும் அவர்களுக்கு ஒரு வீரனாகி விடுகின்றது.

ஓடி வருபவனிடமும் ஒரு கலை உண்டு. தேர்ந்தவன் நேராக ஓடி வருவதில்லை, வளைந்து வருகின்றான். வளைந்து வருவதால் அவன் முதுகுக்குப் பின்னால் நிற்கும் நம்மவன் அவனது நிழலில் மறைந்துவிடுகின்றான். தான் காவலின்றி நிற்பதாக அவன் எண்ணிக் கையுயர்த்திப் பந்து கேட்பான். ஆனால் பந்துடையவனுக்கு அவனிடம் செல்லும் வழி இல்லை. நாம் மேலே ஒளிந்து நிற்றல் என்றது பெரும்பாலும் இதனையே. கோழைத்தனத்தால் ஒளிவோர் சிலர். அறியாமையால் ஒளிவோர் மிகப் பலர். அவன் செய்யவேண்டியது இரண்டு மூன்று அடி பக்கமாக நகர்தல். அவ்வளவே. அச்சிறு நகர்வைப் பழக்குவதற்கு எமக்கு எடுத்த நாட்கள் வேறெதற்கும் எடுத்ததில்லை.

இப்பிரச்சினை அண்மைக்காலத்திற் கூர்மையடைந்தமைக்கு விதிமாற்றங்களும் காரணம். 1992 ஆம் ஆண்டுக்கு முன்னர், நெருக்கப்பட்ட பின்வரிசையாளர் பந்தைத் தம் கோல்காப்பாளருக்குத் தட்டிவிட, அவர் அதனைக் கையிலெடுத்து மூச்சு விடுவார். அவ்வாண்டில் வந்த விதி, தம்மவர் வேண்டுமென்றே காலால் அனுப்பிய பந்தைக் கோல்காப்பாளர் கையாற் தொடலாகாது என்றது. அதன்பின் அவரையும் நெருக்குதல் பயன் தருவதாயிற்று. 2019 இல் வந்த மாற்றமோ பந்துடைய அணிக்குத் துணையானது. அதற்கு முன் கோல் உதையில் பந்து தண்ட உதை எல்லையைத் தாண்டினாலன்றி ஆட்டம் தொடங்காது. இப்போது பந்து உதைக்கப்பட்டுத் தெளிவாக அசைந்தாலே போதும். நம்மவர் எல்லைக்குள்ளேயே நின்று வாங்கலாம். எதிரணியினரோ பந்து அசையும்வரை எல்லைக்கு வெளியே நிற்றல் வேண்டும். இருவரைக் கோலின் இருபுறமும் நிறுத்திக் குறுகிய உதையால் ஆரம்பித்தால், பாய வருவோர் நெடுந்தூரம் ஓடி வரவேண்டியதாகும். அவர்கள் ஓடி வந்த இடமெல்லாம் வெறுமையாகும். அவ்வெறுமையே நமது குறி.

வருவோரை வரவிட்டு, அவர்கள் விட்டு வந்த இடத்தைத் தாக்கும் இக்கருத்தைப் பெரியதொரு சாத்திரமாகவே வளர்த்தோர் அமெரிக்கர். அவர்களது காற்பந்து நம்முடையதினின்றும் வேறு: நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி ஆடுவது. 1906 முதல் அதில் பந்தை முன்னோக்கி எறிதல் விதியால் ஏற்கப்பட்டது. எறிபவன் சில நொடிகள் நின்று இலக்குத் தேடவேண்டும். எதிரணியினர் அவனை வீழ்த்தப் பாய்வர். 1981 இல் நியூயோர்க் அணியிற் சேர்ந்த லோரன்ஸ் ரெயிலர் என்பார் இப்பாய்ச்சலில் நிகரற்றவராயிருந்தார். 1985 நவம்பரில் அவரது பாய்ச்சலின்போது வாஷிங்ரன் அணியின் ஜோ தைஸ்மன் கால் முறிந்து, அத்துடன் ஆட்டத்தை விட்டே நீங்கினார். எறிபவனின் உடலே அங்கு பணயம் என்பதால் அவர்கள் இதனை ஆழ்ந்து ஆராய்ந்தமை வியப்பன்று.

சான் பிரான்சிஸ்கோ அணியைப் பயிற்றிய பில் வோல்ஷ் கண்ட வழிகள் நமக்கும் பாடமாவன. 1982 சனவரியில் ரெயிலரின் அணியைச் சந்தித்தபோது, அவரைத் தடுக்கும் பணியைச் சிறிய உடலுடைய பின்னோட்டக்காரரிடம் விடாது, வரிசையில் நின்ற பருத்த வீரர் ஜோன் எயர்ஸ் என்பவரிடம் ஒப்படைத்தார். ரெயிலரின் பாய்ச்சல் மட்டுப்பட்டது. 38 க்கு 24 என்ற கணக்கில் சான் பிரான்சிஸ்கோ வென்றது. ஆனால் வோல்ஷ் பெயர் நிலைத்தது தடுத்தலால் மட்டுமன்று. எறிபவன் ஒவ்வோர் அடி பின்வாங்குவதற்கும் வாங்குபவனின் ஓட்டத்துக்கும் அளவு வகுத்து, பாய்பவன் வந்து சேருமுன்னரே குறுகிய எறியாற் பந்து கைவிட்டுப் போகுமாறு அவர் அமைத்தார். பாய வருபவன் விட்டு வந்த வெற்றிடத்துக்கே ஒருவன் ஓடுவதும், சிலவேளை பாய்வோரை வேண்டுமென்றே உள்ளே வரவிட்டு அவர்கள் தலைக்கு மேலாகப் பந்தை அனுப்புவதும் அவ்வாட்டத்தில் எல்லா அணிகளுக்கும் பழக்கமானவை. நமது கோல் உதையிற் சொன்ன சூழ்ச்சியும் இதுவே.

நமது ஆட்டத்தில் இவற்றுக்கு ஒப்பானவற்றுள் மிகச் சிறந்தது மூன்றாம் ஆளின் முறை எனலாம். பின்வரிசையாளன் ஒருவன் நடுக்களத்தில் நிற்பவனிடம் பந்தை அனுப்ப எண்ணுகின்றான். அவனோ எதிரியின் நிழலில் நிற்கின்றான். அப்போது பந்தை அவனுக்கும் அப்பால் உள்ள முன்வரிசையாளனுக்கு அனுப்புக. அவன் முதுகில் எதிரி ஒட்டி நின்றாலும் குற்றமில்லை. அவன் திரும்ப வேண்டியதில்லை. ஒரே தொடுகையில் நடுக்களத்தவனுக்குப் பின்னோக்கித் தட்டிவிட்டாற் போதும். நிழலில் நின்றவன் இப்போது எதிரியின் கோலை நோக்கிய முகத்துடன் பந்தைப் பெறுகின்றான். நெருக்க வந்த இருவரும் அவனுக்குப் பின்னால் விடப்பட்டுவிட்டனர். இரண்டு உதைகளில் இருவர் ஆட்டத்திலிருந்து நீக்கப்பட்டனர். இதில் நுட்பம் மூன்றாமவனிடமே: முதற்பந்து புறப்படும்போதே அவன் நகரத் தொடங்கவேண்டும்.

முன்வரிசையாளன் இவ்வாறு பின்னிறங்குவது எதிரணியைக் குழப்பும் என்பதற்கு 1953 நவம்பர் 25 ஆந் திகதி வெம்பிளியில் நிகழ்ந்த ஆட்டம் என்றும் சான்று. ஹங்கேரியின் நடு முன்வரிசையாளர் ஹிடெக்குட்டி தம் இடத்தில் நில்லாது நடுக்களத்துக்கு இறங்கினார். அவரைப் பின்தொடர்வதா, இடத்தைக் காப்பதா என்று இங்கிலாந்தின் ஹரி ஜோன்ஸ்ரன் தடுமாறினார். தொடர்ந்தால் பின்னால் வெற்றிடம். தொடராவிட்டால் ஹிடெக்குட்டி காவலற்றவர். அவர் மூன்று கோல்களை அடிக்க, ஹங்கேரி 6 க்கு 3 என வென்றது. அதே தடுமாற்றத்தை எந்தக் கிராம அணியும் எதிரணிக்கு உண்டாக்கலாம்; அதற்குப் பணம் வேண்டுவதில்லை.

எனினும் வெம்பிளியின் புல் வேறு, நமது கடற்கரை மணல் வேறு. மணலில் உருளும் பந்து பாதிவழியில் தளர்ந்து நிற்கும். பாய்வோருக்கு அதனினும் இனியது இல்லை. ஆகையால் இங்கு பந்தை வலுவாக அனுப்பவேண்டும். வாங்குபவனும் நின்ற இடத்தில் நில்லாது பந்தை எதிர்கொண்டு இரண்டடி வரவேண்டும். ஒருவருக்கொருவர் இடைத்தூரமும் சுருங்கவேண்டும். தொலைக்காட்சியிற் பார்க்கும் ஐரோப்பிய அணிகளின் விரிந்த நிலையை அப்படியே பின்பற்றும் நமது இளைஞர் இதனாலேயே இடர்ப்படுகின்றனர். காற்றையும் கணக்கிலெடுத்தல் வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் காற்றுக்கு எதிரே தூக்கியடித்த பந்து தலைக்கு மேலே எழுந்து, நின்று, அடித்தவனின் பக்கத்திலேயே இறங்குவதை எல்லோரும் கண்டிருப்பர். "அடி" என்று கத்துவோர் காற்றின் திசையையாவது பார்த்துக் கத்தலாம்.

நீண்ட உதையை நாம் முற்றாக விலக்கவில்லை. எதிரணியினர் எல்லோரும் மேலேறி வந்துவிட்டால் அவர்கள் பின்புறம் பரந்த வெளி கிடக்கும். நடுக்கோட்டுக்கு இப்பால், தன் பாதியில் நின்று ஓடத் தொடங்குபவன் ஓப்சைட் ஆகான். கோல் உதையிலிருந்து நேரே பந்தைப் பெறுபவனுக்கோ ஓப்சைட் விதியே இல்லை. இதனை அறியாத அணித்தலைவர்களும் உளர். விரைந்தோடும் ஒருவனை எதிரணியின் கடைசி வீரனுக்கும் அப்பால் நிறுத்திவைத்தால், அவனைக் காக்க ஒருவராவது பின்செல்ல நேரும். நெருக்குவோரின் தொகை ஒன்று குறையும். அப்பந்து அவனிடம் போகாவிட்டாலும் பயன் விளைந்துவிட்டது. நாம் விலக்குவது அச்சத்தால் அடிக்கும் உதையை. ஓடுபவனும், தலையிற் பட்டுத் தெறிக்கும் பந்தைப் பொறுக்க இருவரும் முன்கூட்டியே ஆயத்தமாயிருந்தால் அது வேறு வகையான ஆட்டம்.

பயிற்சி எவ்வாறு? ஐதராபாத்தின் சையித் அப்துல் ரஹீம், 1952 இல் ஹெல்சிங்கியில் யூகோசிலாவியாவிடம் 10 க்கு 1 எனத் தோற்ற இந்திய அணியை 1956 இல் மெல்போர்ண் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்துக்கும், 1962 இல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கத்துக்கும் உயர்த்தியவர். 1960 இல் உரோமாபுரியில் பெரு நாட்டுக்கு எதிராகக் கோலடித்த தமிழ்நாட்டவர் சைமன் சுந்தரராஜும் அவரது பயிற்சியில் ஆடியவரே. ரஹீம், பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதைத் தடைசெய்து ஒரே தொடுகையில் ஆடும் போட்டிகளையும், வலிமை குறைந்த காலால் மட்டும் ஆடும் போட்டிகளையும் நடத்தினார். செலவில்லாத இம்முறையை நாம் கையாண்டு பயன் கண்டுள்ளோம். பன்னிரண்டு அடியெடுப்புச் சதுரத்தில் நால்வர் பந்தை வைத்திருக்க, இருவர் பறிக்க முயலட்டும். பந்து பறிபோனால், கடைசியாக உதைத்தவன் வெளியேறுதல் வழக்கம். நாம் அதனை மாற்றி, உதைத்தவனுக்கு வழிகாட்டாது நின்ற அண்மை வீரனைப் பறிப்பவனாக அனுப்புகின்றோம். யார் அவன் என்று முதல் வாரத்தில் வாக்குவாதம் எழும். இரண்டாம் வாரத்தில் பிள்ளைகள் தாமாகவே நகரத் தொடங்குவர்.

இவையெல்லாம் வறண்ட நிலத்துக்கு உரியவை. ஐப்பசி தொடக்கம் வாடை மழை இறங்கி, கோலின் முன்பு நீர் தேங்கி நிற்குங் காலத்தில் குறுகிய உதை சேற்றிற் புதைந்து நின்றுவிடும். அந்நாட்களில் கோல் உதையைத் தூரத்துக்கு அடித்துவிட்டு, பந்து விழும் இடத்தைச் சுற்றி நால்வரை நிறுத்துவதே தக்கது.