கோடு போன பிறகும் தையல் நிற்க வேண்டும்

லாச்சப்பல், பாரிஸ்

அன்பின் சகோதரிக்கு,

அம்மாவின் பழைய நூல்சேலைகளுக்கு நடுவே பஞ்சு விரிப்பு வைத்து மெஷினில் குயில்ட் தைக்கப்போவதாக எழுதி, மாங்காய்க் கொடியைத் துணியில் எதனால் வரைவது என்று கேட்டிருந்தீர்கள்.

எது பளிச்சென்று தெரியும் என்று பார்க்காதீர்கள். எது முழுதாகப் போகும் என்று பாருங்கள். எம்பிராய்டரியில் நூல் கோட்டை மூடிவிடும். குயில்ட்டில் ஓடுவது ஒற்றைத் தையல். மயிரிழை விலகினாலும் கோடு காட்டிக்கொடுக்கும்.

பைலட் கம்பனியின் ஃபிரிக்‌ஷன் பேனா மை 60 பாகை செல்சியஸ் சூட்டில் நிறமிழக்கும். அயன் பண்ணியதும் போய்விட்டது என்று நினைப்போம். மைனஸ் 10க்குக் கீழே குளிர்ந்தால் திரும்பத் தலைகாட்டும். தண்ணீரில் கரையும் நீலப் பேனாவோ சூடு பட்டால் கறையாகிவிடும். அதை முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும், பிறகுதான் அயன்.

திரும்பத் திரும்ப வரும் கொடிக்குத் துளைத்தாள்தான் தோது. டிசைனை ட்ரேசிங் பேப்பரில் எடுத்து, அடியில் இன்னும் சில தாள் வைத்து, நூல் கோக்காமல் மெஷினை ஓட்டுங்கள். பழைய ஊசி போதும். தாள் ஊசியை மழுக்கும். பின்பக்கச் சொரசொரப்பை உப்புத்தாளால் தேய்த்தால் துளை அடைபடாது. தாளைத் துணிமேல் குண்டூசியால் நிறுத்தி, சாக்குத்தூள் கட்டிய சிறு பொட்டலத்தால் வட்டம் வட்டமாகத் தேயுங்கள். தாளைத் தூக்கினால் புள்ளி வரிசையாகக் கொடி நிற்கும். கைபட்டால் அழியும் என்பதால், அன்று தைக்கும் பகுதியை மட்டும் அன்று பதியுங்கள்.

1924இல் தொடங்கிய லெசாஜ் எம்பிராய்டரி நிலையமும் பாரிஸின் விலையுயர்ந்த உடுப்புகளுக்கு இப்படித்தான் டிசைன் இறக்குகிறது. இப்போது அது நமக்கு வடக்கே, போர்ட் தோபெர்வில்லியேயில் இருக்கிறது. அந்தக் குடும்பத்து ஷான்-ஃபிரான்சுவா லெசாஜ் 1993இல் சென்னையில் வஸ்த்ரகலா எம்பிராய்டரி நிலையத்தைத் தொடங்கினார். தமிழ்நாட்டு ஆரி எம்பிராய்டரி வேலைக்காரர்கள் தூளை மண்ணெண்ணெயில் குழைப்பார்கள். எண்ணெய் ஆவியாகித் தூள் ஒட்டிக்கொள்ளும். பஞ்சு வைத்த துணிக்கு அது வேண்டாம், வெறும் தூளே போதும்.

மாதிரி பார்க்கக் கடைத்துணி வாங்காதீர்கள். அதே சேலையின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, கோடிட்டு, தைத்து, அலசி, அயன் பண்ணி, ஓர் இரவு ஃப்ரீசரில் போடுங்கள். காலையில் கோடு தெரிந்தால், அந்தப் பேனாவைப் பிள்ளையின் பள்ளிக்கூடப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தையற்பக்கத்தார்