இதயத்தின் காந்தமும் ஒரு மெல்லிய சுவரும்

தாம்பரத்திற்கும் சென்னைக் கடற்கரை நிலையத்திற்கும் இடையே 1931ஆம் ஆண்டு முதல் மின்சார ரயில்கள் ஓடுகின்றன. ரயிலை இயக்கும் மின்னோட்டம் தன்னைச் சுற்றிக் காந்தப்புலத்தையும் உண்டாக்குகிறது. மின்னோட்டம் உள்ள இடத்தில் காந்தப்புலமும் உண்டு என்று நீங்கள் படித்திருப்பீர்கள். இதயம் துடிக்கும்போது அதன் தசைகளிலும் சிறு மின்னோட்டம் பாய்கிறது. அப்படியானால் இதயத்தைச் சுற்றியும் காந்தப்புலம் இருக்க வேண்டுமல்லவா?

ஆம், இருக்கிறது. ஆனால் அது பூமியின் காந்தப்புலத்தில் ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். மூளையின் காந்தப்புலமோ பல கோடியில் ஒரு பங்கு. திசைகாட்டியின் ஊசி இவற்றுக்கு அசையாது. பின் எப்படி அளப்பது?

தாம்பரத்திற்குத் தெற்கே, கடலோரத்தில் உள்ள கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்குள்ள அறிவியலாளர்கள் 'ஸ்குயிட்' என்னும் நுண்கருவியை உருவாக்கி, இதயம், மூளை ஆகியவற்றின் காந்தப்புலங்களை அளந்திருக்கிறார்கள். இக்கருவியின் உயிர்நாடி ஒரு மெல்லிய சுவர்.

நியோபியம் என்னும் உலோகத்தின் இரண்டு படலங்களுக்கு நடுவே அலுமினிய ஆக்சைடுப் படலம் ஒன்று உண்டு. அதன் தடிமன் ஓரிரு நானோமீட்டரே. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால் ஒரு கூறுதான் 1 நானோமீட்டர்! அலுமினிய ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. ஆயினும் எலக்ட்ரான்கள் இச்சுவரைக் கடக்கின்றன. எப்படி?

சுவரில் எறிந்த பந்து திரும்பி வந்துவிடும். எலக்ட்ரானுக்கோ அலைப்பண்பும் உண்டு. அலை சுவருக்குள் நுழைந்ததும் உடனே மறைவதில்லை. சிறிது சிறிதாகத் தேய்கிறது. சுவர் மிக மெல்லியதாயின், அலையின் மிச்சம் மறுபுறம் எட்டும். இதுவே 'சுரங்க விளைவு'. சுவர் சற்றுத் தடித்தாலும் கடக்கும் வாய்ப்பு மிக வேகமாகக் குறைந்துவிடும்.

மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் உள்ள திரவ ஹீலியத்தில் நியோபியம் மீக்கடத்தியாகிறது. மின்தடை அறவே நீங்குகிறது. அந்நிலையில் எலக்ட்ரான்கள் இணை இணையாகச் செல்கின்றன. இந்த இணைகள், மின்னழுத்தம் ஏதும் இல்லாமலேயே சுவரைக் கடக்கும் என்று 1962இல் கணக்கிட்டுச் சொன்னவர் பிரையன் ஜோசப்சன். அப்போது அவர் 22 வயது மாணவர்! 1973இல் நோபல் பரிசு பெற்றார்.

இனி, ஒரு மீக்கடத்தி வளையத்தில் இப்படி இரண்டு சுவர்கள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மின்னோட்டம் இரண்டாகப் பிரிந்து, இரு சுவர்களையும் கடந்து மீண்டும் சேர்கிறது. செம்பாக்கம் ஏரியில் இரண்டு கற்களை எறிந்தால், அலைகள் சில இடங்களில் கூடும். சில இடங்களில் ஒன்றையொன்று அழிக்கும். வளையத்திலும் அவ்வாறே. அதனூடே செல்லும் காந்தப்புலம் சிறிது மாறினாலும் இரு அலைகளின் ஒத்திசைவு மாறுகிறது. அது மின்னழுத்த மாற்றமாக வெளிப்படுகிறது. அதை அளந்து காந்தப்புலத்தை அறிகிறோம்.

இவ்வளவு நுட்பமான கருவிக்கு, வெளியே செல்லும் வண்டியின் இரும்பும் மின்கம்பியும்கூட இடையூறுதான். ஆகவே நிக்கலும் இரும்பும் கலந்த மியூ உலோகத்தால் சுவர் எழுப்பிய தனி அறையில் அளவீடு நடைபெறுகிறது.

இதனால் என்ன பயன்? வலிப்பு நோய் மூளையின் எப்பகுதியில் தொடங்குகிறது என்பதைத் தலையைத் திறக்காமலே கண்டறிய இம்முறை உதவுகிறது. அறுவை மருத்துவருக்கு அது பெருந்துணை அல்லவா?

செய்து பாருங்கள்: ஒரு டார்ச் செல்லையும் சிறு பல்பையும் கம்பியால் இணையுங்கள். கம்பியைத் திசைகாட்டியின் ஊசிக்கு மேலே, அதற்கு இணையாகப் பிடியுங்கள். பல்பு எரியும்போது ஊசி விலகும். கம்பியை மெல்ல உயர்த்துங்கள். ஓரிடத்தில் ஊசி அசைவதை நிறுத்திவிடும். அங்கே காந்தப்புலம் இல்லாமற் போய்விட்டதா? அல்லது அதை உணரும் திறன் ஊசிக்கு இல்லையா? சிந்தியுங்கள்!