குழந்தைப் பாதுகாப்பும் இணைய நிறுவனங்களின் பொறுப்பும்

நவி மும்பையில் வாஷிக்கு வடக்கே தாணே வரை நீளும் தொழிற்பேட்டையின் ஆலைகள், தம் கழிவு நீரைக் கடற்கழியில் கலந்துவந்த காலம் ஒன்று உண்டு. கழிவைச் சுத்திகரிக்கும் செலவு ஆலையையே சாரும் என்ற கோட்பாடு, 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்திற்குப் பின்னரே இந்நாட்டில் வலுப்பெற்றது.

அதே தொழிற்பேட்டையைச் சார்ந்த மஹாபேயில், 2024-இல் மகாராஷ்டிர மாநில சைபர் துறையின் தலைமையகம் திறக்கப்பட்டது. அத்துறை எதிர்நோக்கும் குற்றங்களுள் மிகக் கொடியது, குழந்தைகளைப் பாலியல் சுரண்டலுக்கு ஆளாக்கி, அதனைப் படமாக்கி இணையத்தில் பரப்புவதாகும். ஆலைகளுக்குப் பொருந்தும் கோட்பாடு இங்கு இன்னும் முழுமையாகப் பொருந்தவில்லை. பயனாளர் பெருகப் பெருக வருவாய் நிறுவனத்திற்குச் சேர்கிறது. இழப்போ குழந்தையையும் பெற்றோரையும் காவல் துறையையும் சேர்கிறது. பொருளியலார் இதனைப் புறவிளைவு என்பர்.

சட்டமே இல்லை என்று கூறுவதற்கில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 2012-இன் போக்சோ சட்டம் குற்றத்தை அறிந்தவர் அதனைத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியது. 2019-இல் செய்யப்பட்ட திருத்தம், இத்தகைய படத்தைப் பிறருக்குப் பகிரும் நோக்குடன் அழிக்காமலோ தெரிவிக்காமலோ வைத்திருப்பதையும் தண்டனைக்கு உரியதாக்கியது.

ஆயினும், குற்றம் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதே முக்கியமான வினா. அமெரிக்க நிறுவனங்கள் தம் தளங்களில் இத்தகைய படங்களை அறிய நேர்ந்தால், அந்நாட்டின் காணாமற்போன மற்றும் சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையத்திற்குத் தெரிவிக்க வேண்டும். இந்தியா தொடர்பான தகவல்கள், 2019 ஏப்ரலில் கையெழுத்தான உடன்பாட்டின்படி நமது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தை அடைந்து, மாநிலங்களுக்கு அனுப்பப்படுகின்றன. ஆனால் அறிந்ததைத் தெரிவிக்கச் சொல்லும் அமெரிக்கச் சட்டம், தேடிப் பார்க்கச் சொல்லவில்லை. தேடாத நிறுவனத்திற்கு அறியும் வாய்ப்பும் குறைவு.

சென்னை அம்பத்தூர் வழக்கு இவ்வழியே வந்த தகவலால் தோன்றியது. தனிமையில் பதிவிறக்கிப் பார்ப்பது குற்றமாகாது எனக் கூறி, 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வழக்கை ரத்து செய்தது. அத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று நீக்கியது. படத்தை அகற்றினால் மட்டும் போதாது, காவல் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். தவறும் நிறுவனம் சட்டப் பாதுகாப்பைக் கோர இயலாது என்றும் அது வரையறுத்தது. 'குழந்தை ஆபாசப் படம்' என்ற பொருளில் வழங்கும் ஆங்கிலத் தொடரைக் கைவிடுமாறும் நீதிமன்றங்களுக்குக் கூறியது. தமிழ் ஏடுகளும் இதனைக் கருதுவது நன்று. குற்றத்தின் சான்றாக நிற்கும் படத்தை ஆபாசம் என்பது அதன் கொடுமையைக் குறைத்துக் காட்டுவதாகும்.

எஞ்சிய குறை ஒரு சொல்லில் அடங்கியிருந்தது. 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள், பெரிய சமூக ஊடகங்கள் இத்தகைய படங்களைத் தானியங்கிக் கருவிகளால் கண்டறிய 'முயல வேண்டும்' என்றன. முயன்றதற்கு அளவுகோல் எது? ஏற்கெனவே அறியப்பட்ட படங்களின் எண் அடையாளத்தைக் கொண்டு ஒப்பிடும் முறை 2009 முதலே உள்ளது. எனவே தொழில்நுட்பம் இல்லை என்பது பொருந்தாது. தனியுரிமை பற்றிய ஐயம் நியாயமானதே. மறைகுறியாக்கப்பட்ட தனிச் செய்திகள் குறித்துத் தனியே ஆராயலாம். பொதுத் தளத்தில் ஏற்றப்படும் படங்களுக்கு அத்தடை இல்லை. அவற்றிற்கேனும் முயற்சியைக் கடமையாக மாற்றுவது காலத்தின் தேவை.

தண்டத்தொகையும் நிறுவனத்தின் வருவாய்க்கு ஏற்ப அமைதல் வேண்டும். போக்சோவின்படி தெரிவிக்கத் தவறுவோருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ உண்டு. நிறுவனத்தின் வரவு செலவில் அது தாக்கம் ஏற்படுத்துமா என்பது ஐயமே. பிரிட்டனின் 2023-ஆம் ஆண்டுச் சட்டமோ உலகளாவிய வருவாயில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. அண்டை நாடான இலங்கை, தம் சாதனங்கள் இக்குற்றத்திற்குப் பயன்படாமல் காக்கும் கடமையைக் கணினிச் சேவை அளிப்போர் மீது 2006-லேயே சுமத்தியது.

தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் வாஷிக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், பெற்றோர் இருவரும் மின்ரயிலில் வேலைக்குச் சென்று திரும்புவது வழக்கமாகிவிட்டது. பிள்ளைக்குத் துணையாக வீட்டில் இருப்பது பெரும்பாலும் கைபேசியே. மிரட்டலுக்கு ஆளான பிள்ளையின் வீட்டார், மானத்திற்கு அஞ்சி வெளியே சொல்லத் தயங்குவது இயல்பு. ஆனால் குழந்தையின் பெயரையோ அடையாளத்தையோ ஊடகங்கள் வெளியிடுவதைப் போக்சோ சட்டம் தடுக்கிறது. அத்தகைய படத்தைப் பிறருக்கு அனுப்பாமல், கணக்கின் பெயரையும் இணைப்பு முகவரியையும் குறித்துக்கொண்டு, 1098 அல்லது 1930 என்ற எண்ணில் உதவி கோரலாம். உள்துறை அமைச்சகத்தின் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில், தம் பெயரைத் தெரிவிக்காமலேயே புகார் பதியும் வசதியும் உள்ளது.