மைனருக்கு மின்மோட்டர்: இறக்கத்தை யோசி



மொரிஸ் மைனரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு வீட்டிலேயே மின்மோட்டர் பூட்டலாமா என்று கேட்டிருந்தாய். பூட்டலாம். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட அந்த வண்டி இதற்கு வாகானது. எடை முக்கால் தொன்னுக்குச் சற்றுக் கூட. குழப்புவதற்கு எலெக்ட்ரோனிக் பெட்டிகள் கிடையாது. ஓர் இணைப்புத் தகடு கடைந்தெடுத்தால் பழைய கியர்பொக்ஸிலேயே மோட்டரைப் பொருத்திவிடலாம். ஊவா மலைநாட்டின் எல்லப் பக்கத்தில் எவரும் முதலில் கேட்பது, இந்த மலைக்குப் பற்றரி தாங்குமா என்பதுதான். ஏற்றம் பற்றரிக்குப் பெரிய விஷயமில்லை. யோசிக்க வேண்டியது இறக்கத்தை.

கணக்கைப் பார். மலையடியிலுள்ள வெல்லவாயவிலிருந்து எல்ல சுமார் 27 கிலோமீற்றர். உயர வித்தியாசம் 800 மீற்றருக்குச் சற்று மேல். ஆட்களோடு 1,000 கிலோ கனக்கும் வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்க, மின்பட்டியலில் வரும் அதே அலகில் சொன்னால், இரண்டேகால் அலகு போதும். மோட்டரின் விரயம், சில்லின் உராய்வு, காற்று எல்லாம் சேர்த்தாலும் ஆறு அலகுக்குள் முடியும். பழைய நிசான் லீஃப் காரின் 24 அலகுப் பற்றரியில் பாதியை எடுத்தால், தேய்மானம் கழித்தும் எட்டு அலகாவது மிஞ்சும். இனி இறங்கிப் பார். பெற்றோல் வண்டியை இரண்டாம் கியரில் எஞ்சின் இழுத்துப் பிடிக்கும். எஞ்சின் போனால் அந்தப் பிடியும் போயிற்று. மோட்டர் மின்னாக்கியாகச் சுழன்று அதைச் செய்யும், ஆனால் பற்றரியில் இடமிருந்தால் மட்டும். இரவெல்லாம் முழுதாக ஏற்றிவிட்டுக் காலையில் வெல்லவாயவுக்கு இறங்கினால் பற்றரி மின்சாரத்தை ஏற்காது. பாரம் முழுவதும் அந்தக் காலத்து ட்ரம் பிரேக்குகளில் விழும். சூடேறிய ட்ரம்மில் மிதியை எவ்வளவு அழுத்தினாலும் பிடி குறைந்துகொண்டே போகும். ஆகவே மலைமேல் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதே. முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக் போடு.

நுரைச்சோலையில் நிலக்கரி எரித்துத்தானே மின்சாரம் வருகிறது, பிறகென்ன பயன் என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் நீர்மின்சாரமும் அதே கம்பியில்தான் வருகிறது; 2024இல் தொடங்கிய 120 மெகாவொட் உமா ஓயா நீர்மின் நிலையமும் ஊவாவில்தான் இருக்கிறது. (அதன் சுரங்கம் பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகளை வற்றவைத்ததையும் மறக்கக்கூடாது.) தவிர, 2022 ஜூனில் லீற்றர் 470 ரூபாய்க்கும் பெற்றோல் கிடைக்காமல் வரிசையில் நின்ற நாடு இது. பழைமையைக் கெடுக்கிறாய் என்பது இன்னும் கனமான மறுப்பு. எஞ்சின் நன்றாக ஓடுகிறதென்றால் அந்த மறுப்பே சரி, தொடாதே. செத்த எஞ்சினென்றால் மாற்று. உடலை மட்டும் வெட்டாதே, நாளை ஒருவர் பழையபடி ஆக்க வழியிருக்கட்டும்.

லீஃபின் பாதிப் பற்றரியே 180 வோல்ற் நேர்மின்சாரம். ஆளைக் கொல்லும், சுவிட்சை அணைத்தாலும் பற்றரிக்குள் இருந்துகொண்டேயிருக்கும். அந்த வேலையைத் தெரிந்த மின்வினைஞரிடம் விடு. பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் எரிபொருளும் எழுதப்பட்டிருப்பதால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதிக் கம்பனியிடமும் முதலில் எழுத்தில் கேள். பதில் வரும்வரை எஞ்சினில் கைவைக்காதே. அந்த இடைவெளியில் பிரேக் வேலையை முடித்துவிடு.